அரசுப் பூங்கா உங்கள் ஊரில், டிக்கெட் காசு கஜானாவில்: உள்ளாட்சி எதை, யாரிடம், எப்போது கேட்பது?

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர்ப் பூங்கா வாசலில் நின்று பாருங்கள். கரும்புச் சக்கை, பாக்குமட்டைத் தட்டு, தயிர்சாதம் ஒட்டிய கவர், ஒற்றைச் செருப்பு. அள்ளுவது பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர்கள். பூங்கா மாநில அரசுத் துறையுடையது. முந்தின நாள் விற்ற டிக்கெட் காசில் ஒரு ரூபாய்கூடப் பேரூராட்சிக்கு வராது.

2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து வந்த புதிய கவுன்சிலர் நான். "நுழைவுக் கட்டணத்தில் நமக்கும் பங்கு வேண்டும்" என்று மன்றத்தில் பேசி, மேசை தட்டல் வாங்கி, அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். முடியவில்லை. 2023 ஜனவரியில் ஆரம்பித்தது, துறையோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 2024 நவம்பர் ஆனது. அந்த 22 மாதத்தில் பாதி என் அறியாமையால் போனது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பூங்கா இருந்தால், நீங்கள் கவுன்சிலரோ வார்டு உறுப்பினரோ நலச்சங்கத்துக்காரரோ, கீழே உள்ள வரிசையிலேயே போங்கள்.

1. பூங்கா யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள்

"கவர்மெண்ட் பார்க்" என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். சென்னை கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. கோவை காந்திபுரத்தில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா மாநகராட்சி கட்டியது. பெயர் ஒன்றுதான், கேட்க வேண்டிய கதவு வேறு.

தோட்டக்கலைத் துறை என்றால் பேச்சு மாநில அரசோடு. வனத்துறை என்றால் அந்த இடம் காப்புக்காடா, சரணாலயமா என்று பாருங்கள். சரணாலயத்துக்குள் நுழைவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி. அங்கே ஊராட்சியை விட கிராம வனக் குழுவுக்குத்தான் பேச இடம் அதிகம். மத்தியத் தொல்லியல் துறை என்றால் மாநிலத்திடம் மனு கொடுப்பதே வீண். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கான 40 ரூபாய் டிக்கெட் டெல்லி நிர்ணயிப்பது. ஊர் நிர்வாகம் பார்த்தது வண்டி நிறுத்தக் கட்டணத்தைத்தான். இந்த உதாரணத்தை மறக்காதீர்கள், பின்னால் உதவும்.

அடுத்து நிலம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேட்டை, அதாவது எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவேட்டை எடுங்கள். பூங்காவின் புல எண்ணோடு (சர்வே நம்பர்) நிறுத்திவிடாமல் சுற்றியுள்ள புல எண்களையும் பாருங்கள். எங்கள் கதையே இங்கேதான் மாறியது. பூங்கா வாசலுக்கு எதிரே வண்டிகள் நிற்கும் 38 சென்ட் நிலமும் துறையுடையது என்றுதான் ஊரே நம்பியது. பதிவேட்டில் அது பேரூராட்சி பெயரில் இருந்தது. அங்கே பல வருடங்களாக யாரோ ஒருவர் ரசீது இல்லாமல் பைக்குக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்!

2. ஆர்டிஐ போடுங்கள், "ஏன்" என்று கேட்காதீர்கள்

ஆர்டிஐ என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனுவுக்கு 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. அதுவும் தோற்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் காலம் உங்கள் கையில் இருக்காது, முடிந்தவரை முதல் மேல்முறையீட்டோடு முடியுங்கள்.

நான் கேட்டவை ஐந்து: மூன்று நிதியாண்டுகளில் மாதவாரியாக விற்ற டிக்கெட் எண்ணிக்கை, வசூல் தொகை, அந்தத் தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் அல்லது எந்த வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது, தற்போதைய கட்டணத்தை நிர்ணயித்த ஆணையின் நகல், வாகன நிறுத்தம், கழிப்பறை, கடைகளுக்கான ஒப்பந்தங்களின் நகல்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். காசு நேரே கருவூலத்துக்குப் போகிறதா, ஒரு சங்கம் அல்லது முகமையின் கணக்குக்குப் போகிறதா என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

இரண்டு பொறிகள். "உள்ளூர் மக்களுக்கு ஏன் சலுகை இல்லை?" என்று எழுதினால் அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதன் நகலைக் கேளுங்கள். இரண்டாவது, "கவுன்சிலர், 7ஆவது வார்டு" என்று பதவியில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த உரிமை குடிமக்களுக்கானது, வீட்டு முகவரியில் உங்கள் பெயரில் போடுங்கள். என் முதல் மனு இதனாலேயே திரும்பி வந்தது.

3. குப்பையை எடை போடுங்கள்

அலுவலகத்தில் ஆதங்கத்துக்கு மதிப்பில்லை, எடைச் சீட்டுக்கு உண்டு. இந்த ஒரு வேலையைச் சோம்பல் படாமல் செய்தால் மற்றதெல்லாம் லேசாகும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மொத்தக் குப்பை உற்பத்தியாளர் என்று ஒரு வகை இருக்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடமெல்லாம் அதில் வரும், அரசு அலுவலக வளாகமாக இருந்தாலும் சரி. குப்பையைத் தரம் பிரிப்பதும் அதற்கான கட்டணத்தைக் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆக, உங்கள் பூங்கா அந்த 100 கிலோவைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

பூங்காவுக்கென்று ஒரு டாட்டா ஏஸைத் தனியாக ஓட்டச் செய்து, 28 நாள் தொடர்ந்து எடை மேடைக்கு அனுப்பினோம். முதல் நாள் சீட்டை எடை மேடைப் பையனிடம் பெருமையாக நீட்டினேன். "அக்கா, வெறும் வண்டியை எடை போட்டீங்களா?" என்றான். போடவில்லை. வெறும் வண்டி, ஏற்றிய வண்டி என்று தினம் இரண்டு சீட்டு வேண்டும், டீசல் அளவு மாறினால்கூட எடை மாறும் என்று அவன்தான் பாடம் எடுத்தான். மறுநாளிலிருந்து புதிதாக ஆரம்பித்தோம்.

வார நாட்களில் சராசரி 90 கிலோ. சனிக்கிழமை 250. ஞாயிறு 322. மொத்தம் 4,088 கிலோ, நாள் சராசரி 146. வார நாட்களை மட்டும் எடை போட்டிருந்தால் 100-ஐத் தொட்டிருக்க மாட்டோம். அதேபோல் காணும் பொங்கல் வாரத்தை மட்டும் காட்டினால் "திருவிழாக் கணக்கு" என்று தள்ளிவிடுவார்கள். சாதாரண மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

செலவு: சீட்டுக்கு 50 ரூபாய் வீதம் 56 சீட்டு, 2,800 ரூபாய். சீட்டு ஒவ்வொன்றிலும் வண்டி எண்ணும் நேரமும் அச்சாகியிருக்கட்டும். சுகாதார மேற்பார்வையாளரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள், மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கினால் ஒரே பேனா மையைப் பார்த்ததும் தணிக்கையில் சிரிப்பார்கள்.

4. எதைக் கேட்பது: "பங்கு" என்ற சொல்லை விடுங்கள்

நான் ஒரு வருடத்தைத் தொலைத்த இடம் இதுதான்.

அரசியலமைப்பின் 266ஆவது பிரிவுப்படி மாநில அரசுக்கு வரும் வருவாய் மாநிலத் தொகுப்பு நிதிக்குள் போய்விடும். உள்ளே போனதை வெளியே எடுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். அதாவது பூங்கா மேலாளரோ இணை இயக்குநரோ ஏன் துறையின் இயக்குநரோகூட, மனது வைத்தாலும் டிக்கெட்டில் இரண்டு ரூபாயை உங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. தலைமைச் செயலகம், நிதித் துறை ஒப்புதல், வரவு செலவுத் திட்டத்தில் ஓர் ஒதுக்கீடு என்று அது வேறு பாதை. நாங்கள் "நுழைவுக் கட்டணத்தில் 30 சதவீதம்" என்று எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பார்த்தே கோப்பு ஒவ்வொரு மேசையிலும் படுத்தது. எந்த அலுவலருக்கும் அதில் கையெழுத்திட அதிகாரமில்லை, மறுக்கவும் மனமில்லை.

அதனால் கோரிக்கைகளை, யார் கையெழுத்தில் முடியும் என்பதை வைத்துப் பிரியுங்கள்.

வாசலுக்கு வெளியே இருப்பவை, மாமல்லபுரத்தில் பார்த்தது போல: வண்டி நிறுத்தம், நடைபாதைக் கடைகள், கழிப்பறை. நிலம் உள்ளாட்சியுடையது என்றால் துறையிடம் அனுமதியே தேவையில்லை, தடையில்லைக் கடிதம் இருந்தால் சண்டை வராது. மன்றத் தீர்மானமும் ஏலமும் போதும்.

குப்பைக் கட்டணம்: உங்கள் உள்ளாட்சியே வகுத்துக்கொள்ளும் துணை விதியில் மொத்தக் குப்பை உற்பத்தியாளருக்கான கட்டணம் தீர்மானமாகி இருக்க வேண்டும். விகிதமே இல்லாமல் கேட்புச் சீட்டு அனுப்பினால் செல்லாது. விகிதம் இருந்தால் துறை தன் பராமரிப்புச் செலவிலிருந்து கொடுக்கலாம். வருவாயில் பங்கு கேட்டால் நிதித் துறை வரை போக வேண்டும், செய்த வேலைக்குக் கூலி கேட்டால் மாவட்டத்திலேயே முடிகிறது. இந்த வித்தியாசம் புரிந்த அன்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

உள்ளூர்ச் சலுகை: காலை நடைப்பயிற்சிக்கு மாத அட்டை, ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச நாள். இது துறைத் தலைமை வரை போகும், ஆனால் நிதித் துறைக்குப் போகாது. மக்களிடம் பெயர் வாங்கித் தருவதும் இதுதான்.

டிக்கெட் வருவாய்க்கு ஈடான மானியம்: கேளுங்கள், ஆனால் தனிக் கடிதத்தில். 243எக்ஸ் பிரிவு, மாநிலம் தன் வரி, கட்டணங்களை நகர்ப்புற உள்ளாட்சிக்கு ஒதுக்கலாம் என்கிறது. 12ஆவது அட்டவணையில் 12ஆவது இனமே பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல்தான். எனவே கோரிக்கைக்கு அடிப்படை உண்டு. கட்டாயப்படுத்தும் வலுதான் இல்லை. இதற்குச் சரியான மேடை, உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு நிதி என்று அரசுக்குப் பரிந்துரைக்கும் மாநில நிதி ஆணையம். ஆறாவது ஆணையத்தின் காலம் 2026-27 உடன் முடிகிறது, அடுத்த ஆணையத்திடம் சொல்ல வேண்டியதை இந்த எடைச் சீட்டுகளோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

துறை டிக்கெட் விலையை ஏற்றினால் நமக்கும் கூடும் என்று சில கவுன்சிலர்கள் கட்டண உயர்வை ஆதரித்துப் பேசுகிறார்கள். சென்னைக் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா போலப் பெரியவர்களுக்கு 100 ரூபாய் வைத்தாலும் ஏறுவது அரசுக் கணக்கில்தான். ஊர்க்காரரிடம் திட்டு வாங்குவது நீங்கள்.

5. தீர்மானம்: ஒரு வரி தப்பினால் மூன்று மாதம்

தீர்மானத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நிலம் (புல எண்ணோடு), எந்தக் கட்டணம், பேரூராட்சியை நிர்வகிக்கும் செயல் அலுவலருக்கு அதிகாரம் அளிக்கும் வரி. கடைசி வரி இல்லாவிட்டால் அவர் பேச்சுவார்த்தையில் உட்காரலாம், கையெழுத்திட முடியாது.

எங்கள் முதல் தீர்மானம் 2023 பிப்ரவரியில். பழைய தீர்மானம் ஒன்றைப் பார்த்து 1920 மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று எழுதியிருந்தார்கள். கோப்பு மாவட்டத்தில் கிடந்தபோதே, அந்த ஏப்ரல் 13 அன்று, 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்துவிட்டது. கோப்பு ஒரே குறிப்போடு திரும்பியது. எங்கள் செயல் அலுவலர், "மேடம், நாலு இலக்கம் தப்பாயிடுச்சு" என்றார். மறுபடி பொருள் நிரலில் சேர்த்து நிறைவேற்ற ஆகஸ்ட் ஆனது. இப்போதும் சில அலுவலகங்களின் மாதிரிப் படிவத்தில் 1920 உட்கார்ந்திருக்கிறது, பார்த்து வெட்டுங்கள்.

கிராம ஊராட்சி என்றால் 1994 ஊராட்சிகள் சட்டம். கிராம சபையில் வைத்து நிறைவேற்றுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து, தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் தீர்மானப் பதிவேட்டைக் கையாள்வது தனி அலுவலர்தான். மனுவை அவருக்கும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியருக்கும் கொடுங்கள்.

6. கருத்துரு, தபால், ந.க.எண்

கருத்துரு, அதாவது அலுவலகத்துக்கு அனுப்பும் முன்மொழிவு, ஐந்து பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இணைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம்: தீர்மான நகல், அ-பதிவேடு, புலப்படம், ஆர்டிஐ பதில், எடைச் சீட்டுகளின் தொகுப்பு, தேதி பதித்த புகைப்படங்கள். பேரூராட்சியிலிருந்து மண்டல உதவி இயக்குநர், ஆட்சியர், பூங்காத் துறையின் மாவட்ட அலுவலர் ஆகிய மூன்று பேருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். வரிசையாக அனுப்பினால் வரிசையாகத்தான் நகரும்.

தபாலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்கள் கோப்புக்கு அலுவலகம் போடும் ந.க.எண்ணை வாங்குங்கள். அது இல்லாத காகிதம் அந்த அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. எந்தப் பிரிவு, எந்த உதவியாளர் மேசை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம், ஒவ்வொன்றிலும், முந்தைய கடிதங்களைக் குறிக்கும் "பார்வை" வரியில் முந்தைய எண். மக்கள் குறைதீர் நாளில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், ஆனால் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால் இரண்டு எண் உருவாகி ஒன்றை ஒன்று காட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அது நடந்தது.

காலம் பார்த்து அனுப்புங்கள். மானியம் கேட்பதாக இருந்தால் டிசம்பருக்குள் போய்ச் சேர வேண்டும், பட்ஜெட் முடிந்தபின் போனால் ஒரு வருடம் கிடப்பு. தேர்தல் நடத்தை விதி வந்தால் எல்லாம் நிற்கும். 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவித்தார்கள். ஏப்ரல் 19 அன்று நமக்கு ஓட்டு முடிந்துவிட்டது, இனிமேல் வேலை நடக்கும் என்று போய் நின்றேன். முடிவு ஜூன் 4, அதுவரை விதி அமலில்தான் என்றார்கள். பூங்காத் துறைக்காரர்களை மே மாத மலர்க் கண்காட்சிக் காலத்தில் தேடிப் போவதும் வேலைக்காகாது.

7. பேச்சு மேசையில்

ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். 40 நிமிடம். நான் டிக்கெட் கணக்கில் ஆரம்பித்தேன். துறை அலுவலர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மேடம், டிக்கெட்டைப் பத்திப் பேச எனக்கு அதிகாரமே இல்லை. வாசலுக்கு வெளியே என்ன வேணும்னு சொல்லுங்க" என்றார். இதைவிட உண்மையான பேச்சை அந்த 22 மாதத்தில் யாரும் பேசவில்லை. எடைச் சீட்டுக் கட்டை நகர்த்தி வைத்தேன். சராசரி 146 என்ற இடத்தில் பென்சிலால் வட்டமிட்டார். மீதி இருபது நிமிடத்தில் முடிந்தது.

அவர்கள் பக்கமும் கேட்பார்கள்: பூங்கா மதிலோரச் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை. செய்ய முடிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பை ஒரு வாரத்துக்குள் கேட்டு வாங்குங்கள், வராவிட்டால் நீங்களே "கூட்டத்தில் முடிவானவை" என்று எழுதி அனுப்பி ஒப்புகை பெறுங்கள்.

8. ஒப்பந்தமும் ஏலமும்

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கட்டாயம்: கட்டணம் எவ்வளவு, மாதத்தின் எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன, எடை யார் முன்னிலையில், எப்போது புதுப்பிப்பது. "இரு தரப்பும் கலந்து பேசி" என்ற சொற்றொடர் வரும் இடத்திலெல்லாம் ஒரு தேதியைச் செருகுங்கள். நிலத்தை ஒரு வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட்டால் பதிவு செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வண்டி நிறுத்த ஏலத்தை பிப்ரவரியிலேயே அறிவியுங்கள், உள்ளாட்சிக் குத்தகை ஆண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி யார் தலையில் என்று ஏல நிபந்தனையில் எழுதாவிட்டால் பின்னால் அது உங்கள் தலையில். கட்டணப் பலகை இரண்டு பக்கமும் தெரியும்படி, ஆறடி உயரத்தில், பெயின்ட்டில் எழுதியதாக இருக்கட்டும். பிளெக்ஸ் வைத்தோம். இரண்டே வாரத்தில் "20" கிழிந்து, கேட்பது 40 ஆனது.

9. ஆன செலவும் கிடைத்ததும்

என் கையிலிருந்து: ஆர்டிஐ இரண்டு மனு 20 ரூபாய், 43 பக்க நகல் 86 ரூபாய், எடைச் சீட்டு 2,800, தட்டச்சும் ஜெராக்ஸும் 600, மாவட்டத் தலைநகருக்கும் சென்னைக்கும் போய்வந்த பேருந்துச் செலவு ஏறத்தாழ 7,000. எடைச் சீட்டுச் செலவை முதலிலேயே மன்றத்தில் அனுமதி வாங்கியிருந்தால் பேரூராட்சி நிதியில் போட்டிருக்கலாம், பின்னால் கேட்டால் தணிக்கை ஏற்காது.

கிடைத்தது: 38 சென்ட்டில் ஏலம் விட்ட வண்டி நிறுத்தம், குப்பைக்கு மாதக் கட்டணம், காலை ஐந்தரை முதல் எட்டு வரை ஊர்க்காரர்களுக்கு நடைப்பயிற்சி அட்டை. டிக்கெட் வருவாயில் எதுவும் கிடைக்கவில்லை. மானியக் கடிதம் இன்னும் செயலகத்தில் இருக்கிறது, எண் என்னிடம் இருக்கிறது.

ஒன்று விட்டுப்போனது. இந்த 22 மாதத்தில் எங்கள் செயல் அலுவலர் இரண்டு முறை மாறினார், துறை அலுவலர் ஒரு முறை. புதிதாக வந்தவருக்குக் கோப்பு "தேடிப் பார்க்க வேண்டும்" என்ற நிலையில்தான் இருக்கும். முழுக் கோப்பையும் மூன்று நகல் போடுங்கள். எங்களுடையது ஒன்று அலுவலகத்தில், ஒன்று தலைவரிடம், மூன்றாவது என் வீட்டு அரிசி டின் மேல் பிளாஸ்டிக் கவரில். இரண்டாவது செயல் அலுவலர் பொறுப்பேற்ற அன்று பயன்பட்டது அந்த மூன்றாவதுதான்.